நீ காட்டிய ஊரும் நான் பார்த்த கடையும்

அன்புள்ள மகள் ஷீலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கொட்டிவாக்கம் வீட்டில் நானும் அப்பாவும் மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே குளிர் வருவதற்கு முன்னாலேயே கம்பளியை எடுத்து வைத்து, வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க மருந்தீஸ்வரரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற அம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் எதையாவது கேட்க வாயைத் திறந்தால் நீ போனைத் திருப்பி ஏரியைக் காட்டிவிடுகிறாய். ஏரி அழகாகத்தான் இருக்கிறது, நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிடுகிறேன், கேட்க வந்தது போய்விடுகிறது. கடிதத்தை அப்படித் திருப்ப முடியாது. மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, லைனிங் துணி பேலின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, அப்பளம் எல்லாம் போகிற பார்சலிலேயே இதையும் வைத்துவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

முதலில் இங்கத்து விஷயம். உன்னைப் பார்த்துவிட்டு நாங்கள் வந்து இறங்கிய மறுநாளே நான் தி.நகர் வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டேன். நவராத்திரி வருகிறதே, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ப்ளவுஸ் பிட் கேட்டு மயிலாப்பூர் மாமிகள் கட்டுக் கட்டாக வாங்கிப் போகிறார்கள், இந்தச் சமயத்தில் வீட்டில் உட்கார்ந்து களைப்பு போக்கினால் வருஷம் முழுவதும் களைப்பாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் அங்கே இருந்த நாட்களில் பக்கத்து ஜிப் லேஸ் கடை தணிகாசலம் அண்ணன்தான் நம் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு நீ கொடுத்தனுப்பிய மேப்பிள் பாகு பாட்டிலைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னாம்மா சொர்ணம் இது, இருமல் மருந்தா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டார். மெட்ரோவுக்குத் தோண்டியதில் கடைக்கு வருகிற வழி இன்னும் சுற்று வழிதான். சேரனுக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் பேசுகிறான், அக்கா எப்படி இருக்காள் என்று கேட்டான். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லும்போதே எனக்கு நாக்கு சரியாகப் புரளவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், நேராக அங்கே போகாமல் எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீருமா என்று பார்க்கிறேன்.

பெற்ற பிள்ளை இருக்கிற ஊருக்கு டூரிஸ்டாகப் போய் வந்த அம்மா அப்பா நாங்களாகத்தான் இருப்போம். ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஏரிக்கரையில் ஒரு விடுதிக்குக் கூட்டிப் போனாய். உன் ரூம் சின்னது, கூட இருக்கிற பெண்களுக்குத் தொந்தரவு என்றாய், சரி என்றோம். காலையில் வருவாய், ஒரு இடத்தைக் காட்டுவாய், சாயங்காலம் கொண்டுவந்து விடுவாய். படகில் ஏற்றினாய். அதில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கரையில் இருக்கிற ஒவ்வொரு கல் வீட்டையும் யார் கட்டினார், யார் விற்றார் என்று சொல்லிக்கொண்டே வந்தான், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அடுத்தவன் வீட்டுக் கதை இவர்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல் மாதிரியே இருக்கிறது, ஆனால் உப்பு வாசனை இல்லை, மீன் விற்கிற சத்தம் இல்லை, எனக்கு என்னமோ பாதி காதடைத்த மாதிரியே இருந்தது. பழைய ஜெயிலுக்கு டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப் போனாய். நம்மூர்ல உள்ள போறது ஓசி, வெளிய வர்றதுக்குத்தான் துட்டு என்று அப்பா சொன்னதற்கு நீ சிரித்தாய், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மாவுக்கு அதை இங்கிலீஷில் சொல்லிச் சிரிக்க வைத்தாய். தெருவோரத்தில் நல்ல நல்ல சோபாவாகக் கிடந்ததே, காலேஜ் பிள்ளைகள் வீடு மாறும்போது போட்டுவிட்டுப் போனவை என்றாய். அப்பா ஒன்றில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்து, இதை அப்படியே கப்பல்ல ஏத்திக்கினு போனா நம்ம வாடகை சோபாக்காரன் கடையைச் சாத்திடுவான் என்று கணக்குப் போட்டார். சாயங்காலம் ஆனால் தெருவில் ஒரு ஆள் கிடையாது. வீடு வீடாக விளக்கு எரிகிறது, ஆள் நடமாட்டம் இல்லை. இத்தனை பேரையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டால், அவர் வாத்து மேய்கிற புல்வெளியைக் காட்டி, அதுங்கதான் இந்த ஊர்க்காரங்க போல கீது என்றார். இப்படிச் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் ராத்திரி படுத்தால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, என் பெண் எங்கே தூங்குகிறாள், எந்த அடுப்பில் பால் காய்ச்சுகிறாள் என்று பார்க்கவில்லையே. ஊரைப் பார்க்கவா நான் வந்தேன்.

காலேஜைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போன அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டை, நான் அந்த மாம்பழக் கலர் பட்டு. நீ பாடம் நடத்துகிற இடம் என்று ஒரு பெரிய கல் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினாய். அங்கே ஒவ்வொருவரும் கழுத்தில் தொங்குகிற கார்டைச் சுவரில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கிறது. நீ கார்டை எடுக்கவில்லை. போனைப் பார்ப்பது போல நின்றாய், உள்ளிருந்து ஒரு பிள்ளை வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டாய். நானும் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஆனால் ஷீலா, நான் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஹேர்கிளிப் விற்ற காலத்திலிருந்து ஆட்களைப் பார்த்துப் பிழைக்கிறவள். புடவையைத் தொடுகிற விரலைப் பார்த்தே இவள் வாங்குவாளா, நேரம் போக்க வந்தவளா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கட்டடத்துக்குள் ஒருத்தர்கூட உன் முகத்தைப் பார்த்துத் தலை அசைக்கவில்லை. நீயும் சுவரோரமாகவே நடந்தாய், கடனுக்குச் சரக்குக் கேட்க சேட்டு கடைக்குப் போகிறவர்கள் நடப்பார்களே அப்படி. ஆனால் சனிக்கிழமை சந்தைக்குப் போனோமே, அங்கே ரொட்டிக்காரன், தேன்காரி, பூ விற்கிற தாத்தா எல்லோரும் ஷீலா ஷீலா என்று கையை ஆட்டினார்கள். நீ எங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாய். வாடிக்கைக்காரரை அப்படிக் கூப்பிடமாட்டார்கள். கூட நின்று கடை போடுகிறவரைத்தான் அந்தக் குரலில் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் பார்த்தேன், பார்த்து மனசின் ஓரத்தில் மடித்து வைத்தேன், பிரிக்க பயமாக இருந்தது.

பிறகு அந்த வியாழக்கிழமை. இன்னைக்கு முழுக்க கிளாஸ் இருக்கும்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்று மெசேஜ் போட்டாய். அப்பா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார், நான் காலாற ஏரிக்கரை ரோட்டில் நடந்தேன். வளைவு தாண்டியதும் ஒரு கடை. மேலே கூரை போட்ட மரப் பலகை, அதில் சோளக் கதிர், தக்காளி, பூசணிக்காய், தேன் பாட்டில், ஒரு தகரப் பெட்டி. ஆள் இல்லை. ஒரு பலகையில் சாக்பீஸால் கூட்டெழுத்தில் என்னமோ எழுதியிருந்தது, எனக்குப் பெரிய அச்சு எழுத்துதான் தட்டுத் தடுமாறிப் படிக்க வரும். பாவம், யாரோ அவசரத்துக்கு ஒதுங்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். தணிகாசலம் அண்ணன் டீ குடிக்கப் போனால் அவர் கடைக்கு நான், நான் சாப்பிடப் போனால் என் கடைக்கு அவர். ஆள் இல்லாத கடையைப் பார்த்தும் பார்க்காமல் நடந்து போகிறவர் வியாபாரியே இல்லை. அதனால் நின்றேன். கொஞ்ச நேரம் ஆயிற்று, யாரும் வரவில்லை. ஒரு காரில் வந்தவர் தானாகவே தக்காளியை எடுத்துக்கொண்டு பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டுப் போனார். அடடா, நல்ல மனுஷனாகப் போயிற்று, வேறு யாராவது வந்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே என்று எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகு கை சும்மா இருக்குமா. வெயில் பட்ட தக்காளியை நிழலுக்கு மாற்றினேன், நசுங்கினதை அடியில் தள்ளாமல் தனியாக எடுத்து வைத்தேன் (அந்த விஷயத்தில் உன் அம்மா நாணயம்), சின்னப் பூசணியை எல்லாம் முன்னால் கொண்டுவந்து கோபுரம் மாதிரி அடுக்கினேன். ரோட்டில் போகிற கண்ணை இழுக்க வேண்டுமே. அடுத்து வந்த அம்மாள் பெட்டியில் போடப்போன நோட்டை நான் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், என் கைக்கு அதுதானே போணி. அவள் பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனாள், பிறகு சிரித்தாள். வாம்மா, ஃப்ரெஷ், டுடே மார்னிங், லுக் லுக் என்று எனக்குத் தெரிந்த கடை இங்கிலீஷை எல்லாம் எடுத்து விட்டேன். சோளம் வாங்க வந்தவளைத் தேனும் வாங்க வைத்தேன். ஒரு சோடி வந்து பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து யோசித்தது, சாம்பார், கூட்டு, ஆல் குட் என்று கையாலேயே வெட்டிக் கிண்டிக் காட்டினேன், இரண்டு வாங்கிக்கொண்டு என்னோடு சேர்ந்து போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கை கால் இருக்கிறது என்று தோன்றியது அப்போதுதான். கடைக்காரர் வந்தால் எப்படி வாழ்த்துவார் என்று நினைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்த அம்மாளுக்கு வெள்ளை முடி, காலில் ரப்பர் பூட்ஸ், பிறகுதான் டோரீன் என்று பெயர் தெரிந்தது. அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நீ இறங்கினாய். மண் ஒட்டிய ஏப்ரன், தலையில் துணி, சோளக் கூடையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாள் சொன்ன எதற்கோ வாய் விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினாய். என்னைப் பார்த்தாய். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நானும் கையில் பூசணியோடு நின்றேன். டோரீன் ஒன்றும் புரியாமல் உன்னையும் என்னையும் கூரைக்குக் கீழே இருந்த கோபுரத்தையும் பார்த்தாள். கிளாஸ் கேன்சல் ஆயிடுச்சும்மா, சும்மா ஹெல்ப்புக்கு வந்தேன் என்றாய். நான் சரி என்றேன். அவளிடம் நான் உன் அம்மா என்று சொன்னதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள், உன் பேர் வந்தது, சாட்டர்டே வந்தது, பெஸ்ட் வந்தது. என்னடி சொல்றாங்க என்று கேட்டேன். நீங்க நல்லா அடுக்கி வச்சிருக்கீங்களாம் என்றாய். அவள் பேசிய நீளத்துக்கு நீ சொன்னது ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. இந்த ஊரில் கடையை இப்படி ஆள் இல்லாமல்தான் விட்டுப் போவார்கள், வாங்குகிறவர்களே பணம் போட்டுவிட்டுப் போவார்கள் என்று அப்புறம்தான் விளக்கினாய். எனக்கு அந்த வெட்கம்கூட உறைக்கவில்லை. நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்ப்புக்கு வந்தவளுக்கு நகக்கண்ணில் அத்தனை மண் இருக்காது. கூடையை அப்படி இடுப்பில் வாங்க ஒரு நாளில் வராது, எனக்கு எத்தனை காலம் பிடித்தது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் மனுஷி முன்னால் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்கக்கூடாது என்றுதான் அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் நீ வந்தபோது எதுவும் நடக்காத மாதிரி ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போனாய், நானும் எதுவும் நடக்காத மாதிரி தின்றேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் திருவான்மியூர் பீச்சில் வாக்கிங் போகிற கோஷ்டி முழுவதிடமும், எங்க பொண்ணு காலேஜ்ல ப்ரொபசரா கீது, ஆட்டோ ஓட்டினவன் பொண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பேச்சில்தான் அவர் காலையில் எழுந்து நடக்கிறார். அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. ப்ளேனில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் தூங்குகிற மாதிரி வந்தேன்.

போன ஞாயிறு மேல் வீட்டு ராகவேந்திரன் சாரும் சூடாமணி மாமியும் கொலுவுக்கு அழைக்க வந்தார்கள். சார் பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர், உனக்குத் தெரியும், அப்பாவோடுதான் நடப்பார். காபி குடித்துவிட்டு, என்ன சுப்புராயன், காலேஜ் போர்டுல பொண்ணு பேரு போட்டோவோட போட்டிருக்கும், படம் எடுத்துண்டு வந்து காட்டறேன்னு சொன்னேளே, எங்கே காட்டுங்கோ பார்ப்போம் என்றார். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, போர்டுக்கு பெயின்ட் அடிச்சிக்கினு இருந்தாங்கோ சார், அதான் எடுக்க முடியல என்றார். நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கேட்டேன். நானும்தானே அந்தக் கட்டடத்தில் இருந்தேன், பெயின்ட்டும் இல்லை ஒன்றும் இல்லை, கண்ணாடி போட்ட போர்டு பளபளவென்று இருந்தது. அவர்கள் போன பிறகு, யோவ், இன்னாத்துக்குய்யா பொய் சொன்ன என்று கேட்டேன். நீ இன்னாத்துக்கு அந்த ஊர்லர்ந்து வந்ததுலர்ந்து சரியா சாப்புடாம கீற, அதைச் சொல்லு முதல்ல என்றார். அன்றைக்கு நீ எங்களுக்குக் காபி வாங்கப் போனாயே, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது இவர் அந்த போர்டில் ஒவ்வொரு பேராக விரல் வைத்துத் தேடியிருக்கிறார். இல்லை. திரும்பவும் தேடியிருக்கிறார். அங்கே மேஜையில் இருந்த பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்க, ஷீலா சுப்புராயன் என்று உன் முழுப் பேரைச் சொல்லியிருக்கிறார். அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, லாஸ்ட் இயர், லாஸ்ட் இயர் என்றாளாம். தேங்க்யூ சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பில்டிங் சூப்பரா கீதுல்ல என்று என்னிடம் சொன்னார். அப்படித்தான் சொன்னார், எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஏன்யா என்கிட்ட மறைச்ச என்றேன். உனுக்கு சுகர் ஏறிடும்னுதான் என்றார். பிறகு நான் வேன் விஷயத்தைச் சொன்னேன். அந்த சோளக் கூடை வெயிட்டா இருந்துச்சா என்று மட்டும் கேட்டார்.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன், நீ படித்தவள், நீயாவது பிரித்து எடு. அப்பா உடனே கிளம்பி வரச் சொல்லு, இங்க இருக்கிற காலேஜில் எல்லாம் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நான் வெயிலில் நின்றதெல்லாம் நீ நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான், அதை மறைக்கப் போவதில்லை. நீ கூடையோடு இறங்கியதைப் பார்த்ததும், இத்தனை ஊர் தாண்டி வந்து என் பெண்ணும் ரோட்டோரக் கடைக்குத்தான் வந்து சேர்ந்தாளா என்றுதான் நினைத்தேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தச் சிரிப்பு. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் சிரித்தாயே, அதைத்தான் சொல்கிறேன். அந்தக் காலேஜ் கட்டடத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்றும் பார்த்தேன், வேனிலிருந்து இறங்கும்போது எப்படி இருந்தது என்றும் பார்த்தேன். அந்தக் கூடையும் நிஜம், அந்தச் சிரிப்பும் நிஜம், எதை நம்புவது என்று தெரியவில்லை. கடையில் ஒரு மாமி பச்சைப் புடவைக்கு மேட்சிங் கேட்டால் நான் அரக்குக் கலரை எடுத்துப் போடுகிறேன், அந்த அளவுக்கு இருக்கிறது என் நிலைமை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று யாரைப் போய்க் கேட்பேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர்கள் உன்னை அனுப்பினார்களா, நீயாக விட்டாயா. இரண்டும் ஒன்றில்லை. கார்ப்பரேஷன்காரர்கள் எங்களைப் பிளாட்பாரத்திலிருந்து எழுப்பியபோது நான் எழுந்ததும், பிறகு அதற்குப் பதிலாகக் கொடுத்த காம்ப்ளெக்ஸ் கடையில் வியாபாரம் ஓடாது என்று நானாகக் காலி செய்ததும் ஒன்றா. அனுப்பினார்கள் என்றால் அழுதுவிட்டு வேறு கதவைத் தட்டு, நாங்கள் இருக்கிறோம், டிக்கெட் போடுகிறேன். நீயாக விட்டாய் என்றால் அது வேறு பேச்சு, அப்போது நான் உன்னிடம் அம்மாவாகப் பேசமாட்டேன், கடைக்காரியாகப் பேசுவேன். அந்தக் கடை போட்டிருக்கிற இடம் தப்பு, சாயங்கால வெயில் நேராகத் தக்காளியில் விழுகிறது, மேற்குப் பக்கம் ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டச் சொல்லு. தேனை உயரத்தில் வை, வெளிச்சம் பட்டால் அதுவே பேசும். அங்கேயே தங்கிக்கொள்ள பி.ஆர். வந்துவிட்டதால் எந்த வேலையும் செய்யலாம் என்று நீ முன்பு சொன்னாயே, அது இதற்கும் பொருந்துமா என்று சரியாகக் கேட்டுக்கொள், பின்னால் வம்பு வரக்கூடாது. மழைக்காலத்தில், பனிக்காலத்தில் அந்த அம்மாள் என்ன செய்வாள், அப்போது நீ என்ன செய்வாய், அதையும் யோசித்து வைத்துக்கொள். இன்னொன்று, இது கொஞ்சம் உறைக்கும், உறைக்கட்டும். வியாபாரத்தை ஒளிந்து செய்ய முடியாது ஷீலா. நாலு பேர் பார்க்கத்தான் கடை. அந்த நாலு பேரில் நானும் உன் அப்பாவும் இல்லை என்று நீயாக எப்படி முடிவு செய்தாய். அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. இங்கே வரிசையில் வந்து ப்ளவுஸ் பிட் வாங்குகிறவர்கள் எல்லாம் பொண்ணு என்ன பண்றா என்று கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை மாமி வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். எனக்கே நான் சொல்லிக்கொள்ள ஒரு பதில் வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

சூடாகச் சாப்பிடு, பொடியை ஈரக் கரண்டியால் தொடாதே, கைக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு, மண்ணில் வேலை செய்தால் தோல் வெடித்துவிடும். டோரீன் அம்மாவுக்கு ஒரு பட்டு ப்ளவுஸ் பிட் வைத்திருக்கிறேன், அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது, மேஜையில் விரித்துக்கொள்ளட்டும். மருந்தீஸ்வரரும் கபாலியும் உனக்குத் துணையாக இருக்கட்டும், எங்கே நின்றாலும் நிமிர்ந்து நிற்கிற தைரியத்தை அவர்கள் உனக்குக் கொடுக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. இது உன் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பா எடுப்பார். அவரிடம் நீயாகவே சொல்லிவிடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் தனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டார், இப்போதுதான் முதல் முறை கேட்கிற மாதிரி, அப்படியா, எப்போ, ஏன் என்று கேட்பார். கேட்கட்டும். உன் வாயால் கேட்ட பிறகுதான் அது அவருக்கு நடந்த விஷயம் ஆகும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
சொர்ணம்